மூன்றாமவளும் பேசட்டும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "கணவன், மனைவி, இன்னொருத்தி என்று மூன்று பேர் வரும் காதல் நாவல்களில் உண்மையில் இருப்பது இரண்டரைப் பேர்தான், அந்த இன்னொருத்தியை அரை ஆளாகவே எழுதுகிறார்கள்" என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மேஜை நிறைய இருக்கின்றன. சிலர் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள், சிலர் அழுதபடி எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே. வி., திருப்பூர்: பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் போனில் நாவல் படிப்பேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வருகிறவள் எல்லாக் கதையிலும் ஒரே மாதிரி இருக்கிறாள். உதட்டுச் சாயம், கையில்லாத ரவிக்கை, பணத்தாசை. கடைசியில் விபத்தில் செத்துப்போவாள், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளிநாடு போவாள். எழுதுகிறவர்களும் பெண்கள்தானே, ஏன் இப்படி?

கணவனை மன்னிப்பதற்கு அதுதான் சுலபமான வழி. அவள் மயக்கினாள், இவன் மயங்கினான் என்று எழுதிவிட்டால் பழி முழுவதும் அவள் தலையில் விழுந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் அவன் வீடு திரும்பும்போது மனைவி கதவைத் திறக்கலாம், வாசகியும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். அவளையும் மனுஷியாக எழுதினால் அவன் செய்தது என்ன என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவளுக்கு உதட்டுச் சாயம் பூசுகிறார்கள்.

கும்பகோணத்தில் நான் வாடகை நூலகம் நடத்திய காலத்தில், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருப்பேன். திரும்பி வரும் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். "இவள் சரியான ஏமாளி", "இவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்" என்றெல்லாம் இருக்கும். ஒரு நாவலில், கணவனோடு பழகிய பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் பக்கம். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒருத்தி "இவளும் பாவம்தான்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "உன் வீட்டுக்கு வந்தால் தெரியும்." அதற்கும் கீழே மூன்றாவது கை ஒன்று, "என் வீட்டுக்கு வந்தாள். அப்போதும் பாவம்தான்" என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அழிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். வாசகிகளின் மனசு எழுத்தாளர்கள் நினைப்பதைவிட விசாலமானது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் மொழியில் இந்த விசாலம் புதிதாக வந்ததும் இல்லை. அகநானூற்றின் 16ஆம் பாட்டு, சாகலாசனார் பாடியது. தேர் ஓடும் தெருவில் சின்னப் பையன் தனியாக நிற்கிறான். அவன் அப்பாவின் பரத்தை, அதாவது மனைவியைத் தவிர அவர் உறவு வைத்திருக்கும் பெண், அந்த வழியே வருகிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, "வா, என் உயிரே" என்று அள்ளி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். மனைவி பார்த்துவிடுகிறாள். நம் சீரியலாக இருந்தால் இங்கே இடி இடித்து, மூன்று கோணத்தில் முகத்தைக் காட்டியிருப்பார்கள். பாட்டில் மனைவி கிட்டே போய், "மாசில்லாத பெண்ணே, ஏன் திகைக்கிறாய்? நீயும் இவனுக்குத் தாய்தான்" என்று சொல்லி அவளைத் தழுவிக்கொள்கிறாள். அந்தப் பெண் திருட்டை ஒப்புக்கொண்டவர்கள் போலத் தலைகவிழ்ந்து, கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவையும் மனைவி பிறகு கணவனிடம் ஊடலோடு சொல்கிறாள். அதாவது குத்தலும் அதில் இருக்கிறது, பெருந்தன்மையும் இருக்கிறது, இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது. தரையைக் கீறும் அந்தக் கால்விரல் ஒன்று போதும், அவள் முழு ஆளாகிவிட்டாள்.

பி. எஸ்., மதுரை: இணையத்தில் வாராவாரம் ஒரு அத்தியாயம் என்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருமணமாகி ஒன்பது வருடம், ஒரு குழந்தை. கணவனுக்கு அலுவலகத் தோழி மீது காதல் வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே அவளைக் கொண்டுவந்துவிட்டேன். பத்து அத்தியாயம் ஆகிவிட்டது. "இவனை டைவர்ஸ் செய்யச் சொல்லுங்கள், கதை முடிந்தது" என்கிறார்கள் வாசகர்கள். எங்கே தவறு?

தம்பி, அவள் வருவதற்கு முன் அந்த வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. இடிந்தது எது என்று தெரியாமல் இடிந்ததற்கு வாசகி எப்படி அழுவாள்?

இதற்கு நான் எப்போதும் கைகாட்டுவது சிலப்பதிகாரத்தை. அதைக் கற்புக்கும் நீதிக்கும் உரிய காவியமாகவே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். ஒரு தாம்பத்தியம் தேய்ந்த கதையாக மறுபடி எடுத்துப் படியுங்கள். கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. கல்யாணம் நடக்கிறது. மணமான புதிதில் கோவலன் அவளைப் புகழ்கிறான்: "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே." கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கிறோமே, அதே வரிகள்தான். ஆனால் அந்தக் காதை, அதாவது அந்த அத்தியாயம், முழுக்க அவன்தான் பேசுகிறான். அவள் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. புகார்க் காண்டத்தில் பத்துக் காதைகள். கண்ணகியின் குரல் நமக்கு முதலில் கேட்பது ஒன்பதாவதில், அதுவும் தோழி தேவந்தியிடம் ஒரு கெட்ட கனவைச் சொல்லும்போது. இளங்கோவடிகள் தெரிந்தே செய்தாரா என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு அந்த மௌனம் அடிவயிற்றைப் பிசைகிறது. பொன் என்றான், முத்து என்றான், கரும்பு என்றான், தேன் என்றான். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருதரம் கேட்டானா?

பிறகுதான் மாதவி வருகிறாள். அவளும் அவனைத் தேடி வரவில்லை. அரங்கேற்றத்தில் அரசன் தந்த மாலையைக் கூனி ஒருத்தி நகரத் தெருவில் விலை கூறுகிறாள், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்று. கோவலன் வாங்குகிறான். ஒரு வணிகன் மகன் கடைத்தெருவில் செய்த கொள்முதலாகத்தான் அந்த உறவு தொடங்குகிறது. அடுத்த காதையில் ஒரே மாலைப்பொழுதில் இரண்டு வீடுகளையும் இளங்கோ காட்டுகிறார். நிலா முற்றத்தில் மாதவி. இங்கே கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை, கூந்தல் எண்ணெய் மறந்துவிட்டது, மங்கல அணியைத் தவிர வேறு நகை இல்லை. யாரையும் ஏசாமல், யாருக்காகவும் வக்காலத்து வாங்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் பத்து அத்தியாயத்திலும் தோழியின் வீட்டுக்குள் நாம் ஒருமுறைகூடப் போகவில்லை, கவனித்தீர்களா? அவள் இரவில் என்ன சமைத்துச் சாப்பிடுகிறாள், யாருக்குப் பணம் அனுப்புகிறாள், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், எதுவும் தெரியவில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன். எழுதியதை அப்படியே நிறுத்திவிட்டு, அவள் வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். மனைவி கட்டிய மாதச் சீட்டு ஏலம் எடுத்த பணம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று அவள் வைத்திருந்தாள். அதை அவன் அவளைக் கேட்காமல் தம்பியின் கடனுக்குக் கொடுத்துவிட்டான். அன்று ராத்திரி அவள் சண்டை போடவில்லை. தட்டில் தோசையைப் போட்டுவிட்டு, சட்னிக் கிண்ணத்தை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் எழுந்து எடுக்காமல் வெறும் தோசையைத் தின்றுவிட்டுப் படுக்கிறான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த மாதிரி ஒன்றிரண்டு இரவுகள் இருந்தால்தான், பிறகு அலுவலகத்தில் ஒருத்தி "சாப்பிட்டீர்களா" என்று கேட்கும்போது அவன் ஏன் இளகினான் என்று நமக்குப் புரியும். புரிவது வேறு, நியாயம் என்று சொல்வது வேறு. நாவலுக்குப் புரிந்தால் போதும்.

ஆர். எம்., நாகர்கோவில்: இப்படிப்பட்ட கதைகளுக்குச் சுபமான முடிவு நல்லதா, சோகமான முடிவா?

மூன்று பேரில் யாராவது ஒருவர் முதல் அத்தியாயத்தில் பேசாத ஒன்றைக் கடைசியில் பேசிவிட்டால் எனக்குப் போதும். சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்பது அதற்கு அப்புறம். கொலை நடக்கப்போகும் நாளில் மதுரையில் கண்ணகி கோவலனிடம் "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று சொல்கிறாள். அவன் முகத்துக்கு நேராக அவள் சொன்ன ஒரே குற்றச்சாட்டு. அந்த வரி வரும்போது நான் இன்றும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்கிறேன்.

எல். ஜே., சேலம்: நாவல்களில் கோர்ட் காட்சி வருகிறதே, கூண்டில் ஏறிக் கதறுவது, நீதிபதி ஒரே நாளில் விவாகரத்து கொடுப்பது, "அவளை ஜெயிலில் தள்ளுங்கள்" என்று மனைவி கத்துவது. என் அக்கா வழக்கு நடக்கிறது. அங்கே இப்படி எதுவும் இல்லையே?

இல்லைதான். இதை எழுதுகிறவர்கள் ஒருநாள் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் நல்லது. அங்கே பெரும்பாலும் காத்திருப்புதான் நடக்கிறது. இரண்டு பெஞ்சு, இரண்டு குடும்பம், நடுவில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் ஒரு குழந்தை. முதலில் ஆலோசனைக்குத்தான் அனுப்புவார்கள். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே சமரச முயற்சிக்கு முதலிடம் தருகிறது. வழக்கை மூடிய அறையில் நடத்தவும் அது இடம் தருகிறது. அதனால் கூட்டத்துக்கு முன்னால் கதறும் காட்சிக்கு அங்கே இடம் குறைவு.

இந்து திருமணச் சட்டப்படி இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதானால், குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மறுத்தால் காரணத்தை நிரூபிக்க வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் அக்காவுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஜெயிலில் தள்ளுங்கள்" என்ற வசனத்துக்கு வருகிறேன். மணமான பெண்ணோடு உறவு வைத்த ஆணைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு என்று ஒன்று 1860இலிருந்து இருந்தது. அந்தப் பெண்ணின் கணவன்தான் புகார் கொடுக்க முடியும். கணவன் வேறு பெண்ணிடம் போனால் மனைவிக்கு அதன் கீழ் புகார் செய்யும் உரிமையே கிடையாது. மனைவியைக் கணவனின் சொத்தாக நடத்திய சட்டம் அது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஆகவே அந்த இன்னொருத்தியை மனைவி ஜெயிலுக்கு அனுப்புவது அன்றும் நடக்காது, இன்றும் நடக்காது. ஆனால் திருமணத்துக்கு வெளியே உறவு என்பது விவாகரத்துக்கான காரணமாக இப்போதும் இருக்கிறது. முதல் மனைவி இருக்கும்போதே அவன் இன்னொரு கல்யாணம் செய்தால் அது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்க அக்காவுக்கு உரிமை இருக்கிறது. பணம் இல்லை என்று வக்கீல் வைக்கத் தயங்கினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

ஒரு வாசகர், ஈரோடு: மனைவி இன்னொருவனை விரும்புவதாக எழுதினால் நம் வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்களா? பத்திரிகைகள் அந்தக் கதையைத் திருப்பி அனுப்புகின்றன.

ஏற்றுக்கொண்டு ரொம்ப நாளாகிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தது. அதில் அலங்காரத்தின் கணவர் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்துபோகும் சிவசுவையும் தெரியும். தன் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அவள் மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். யாரும் யாரையும் வெட்டவில்லை, வீடு நடக்கிறது. தெரிந்தும் சும்மா இருக்கும் அந்தத் தண்டபாணியின் மனசைத் தாண்டி எழுத இன்னும் இடம் இருக்கிறது, நீங்கள் முயற்சி செய்யுங்கள். திருப்பி அனுப்பினால் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவள் போவதற்குக் காரணமாகக் கணவனைக் குடிகாரனாகவும் அடிக்கிறவனாகவும் ஆக்கிவிடாதீர்கள். அது உதட்டுச் சாயம் பூசுகிற அதே வேலைதான்.

பெயரும் ஊரும் வேண்டாம்: நீங்கள் "அரை ஆள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்த அரை ஆள் நான்தான். அவருக்கு மனைவி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயிலில் வைத்து எனக்குத் தாலி கட்டினார். எனக்கு ஒரு மகள், ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார். நாவல்களில் என்னைப் போன்றவள் வரும் இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். எனக்கு என்று ஒரு கதை இருக்கிறதா, அம்மா?

இருக்கிறது, அம்மா. இரண்டாயிரம் வருடத்துப் பழைய தொகையிலேயே இருக்கிறது. குறுந்தொகை 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை. மனைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்டு, அவள் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள்: இங்கே எங்களிடம் வந்து பெரிய பேச்சுப் பேசுகிறவன், அங்கே தன் வீட்டில், கண்ணாடியில் தெரியும் உருவம் போல, பிள்ளையின் தாய் கை தூக்கினால் கை தூக்குகிறான், கால் தூக்கினால் கால் தூக்குகிறான். கோபம், காயம், அவனைப் பற்றிய தெளிவு மூன்றும் அந்த ஆறு வரிக்குள் இருக்கின்றன. அவளைப் பேசவிட்டார்கள். வெட்கப்படச் சொல்லவில்லை.

மாதவியையும் நீங்கள் படிக்க வேண்டும். கடற்கரையில் யாழோடு இரண்டு பேரும் பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறு பெண் இருப்பதாக அவள் நினைத்து, தானும் வேறொருவனை நினைப்பது போலப் பாட, அவன் எழுந்து போய்விடுகிறான். அவள் தாழை மடலில் எழுதி அனுப்பிய கடிதத்தை அவன் வாங்கவே மறுத்தான். மதுரைக்குப் போகும் வழியில் இரண்டாவது கடிதம் வருகிறது. அடிகள் காலில் விழுகிறேன், நான் செய்த பிழை என்னவென்று எனக்குத் தெரியவில்லை, பெற்றோருக்குச் செய்யும் பணியை விட்டு மனைவியோடு இரவில் புறப்பட்டுப் போனீர்களே என்று கேட்டிருக்கிறாள். அதைப் படித்துத்தான் அவன் "அவள்மேல் தீதில்லை, தீது என்னுடையது" என்று உணர்கிறான். அந்த ஓலையையே தன் பெற்றோருக்கும் அனுப்பிவைக்கிறான். மகன் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை அவள் எழுதியிருந்தாள். அவள் மகள் மணிமேகலைக்குத் தனியாக ஒரு காப்பியமே இருக்கிறது. அதில் மாதவி தன் மகளை "மாபெரும் பத்தினி மகள்" என்கிறாள், கண்ணகியின் மகள் என்று. சொல்ல யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

கதை போதும், உங்கள் மகளுக்கு வருகிறேன். முதல் மனைவி இருக்கும்போது நடந்த கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாக ஏற்காது. இதை உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் இந்துக்கள் என்றால், திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அப்படிப் பிறந்த பிள்ளையைச் சட்டப்பூர்வமான பிள்ளை என்றே சொல்கிறது. அப்பாவின் சொத்தில் அவளுக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரும் பங்கிலும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதற்குத் தாலி கட்டிய சடங்கு நடந்ததற்குச் சான்று வேண்டியிருக்கும். கோயில் ரசீது, படங்கள், அன்று கூட இருந்தவர்கள் யார் என்று இப்போதே எடுத்து வையுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதா பாருங்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவிலும் ஆதாரிலும் அதே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அவர் நன்றாக இருக்கும்போதே, நல்ல மனநிலையில் இருக்கும்போதே, இதையெல்லாம் சரிசெய்து வாங்கிவிடுங்கள். பின்னால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் நாளில், அங்கே இருப்பவர்கள் காகிதத்தைத்தான் கேட்பார்கள். உங்களுக்கும் மேலே சொன்ன இலவச சட்ட உதவி உண்டு, தயங்காமல் போங்கள்.

உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, உங்கள் கையில் ஒரு வேலை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மறுபடி எழுதுங்கள். இந்தப் பகுதியில் போடமாட்டேன், தனியாகப் பதில் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் இத்தனை வருடமாக நாவல்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

டி. என்., விருதுநகர்: மனைவியும் நல்லவள், மற்றவளும் நல்லவள், அவனும் கெட்டவன் இல்லை என்றால் கதையில் மோதல் எங்கிருந்து வரும்?

தீபாவளியிலிருந்து வரும். விடிகாலை நாலு மணி. அவனுக்கு ஒரு தலைதான் இருக்கிறது, எண்ணெய் வைக்க இரண்டு வீட்டில் கிண்ணம் சூடாகிக்கொண்டிருக்கிறது. மூத்தவள் வீட்டில் அவன் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அங்கே பட்டாசு வாங்கியாகிவிட்டது. இங்கே மகளுக்குப் பாவாடை தைத்து மஞ்சள் தடவி வைத்திருக்கிறது, அப்பா கையால் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பத்து மணிக்கு அங்கே தங்கையும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள், நகர முடியவில்லை. மூத்தவளுக்கு அவன் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.